சட்டமில்லா ஷவர் கண்ணாடி: எந்த இடைவெளியை அடைப்பது, எதை விடுவது?

குளியலறையில் சட்டமில்லாத, அதாவது ஃபிரேம் இல்லாத, கண்ணாடித் தடுப்பில் இடைவெளி இருந்தே தீரும். கதவு ஆட இடம் வேண்டும், கண்ணாடியின் ஓரம் டைல்ஸில் நேரடியாக முட்டவும் கூடாது. எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் நிம்மதி என்று நினைப்பவர்கள்தான் ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் அதிகம் செலவழிக்கிறார்கள். இங்கே உப்புக்காற்று உலோகத்தை அரிக்கிறது, உவர்ப்பான போர் தண்ணீர் ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் படிந்து இறுகுகிறது. அடைப்பு எவ்வளவு கூடுகிறதோ, பராமரிப்பும் அவ்வளவு கூடும்.

அசையாத கண்ணாடிக்கு இரண்டு வழி: கண்ணாடியின் ஓரம் உட்காரும் நீளமான உலோகக் காடியான யூ சேனல், அங்கங்கே கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இல்லாவிட்டால் சேனல் அதை மறைத்துவிடும். மேலிருந்து கீழே 5 மி.மீ. சாய்ந்திருந்தாலும் வெளியே தெரியாது. ஆனால் அலுமினிய சேனலுக்குள் நின்ற உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை பூக்கும், நாளாக உலோகத்தில் குழி விழும், துடைக்கவும் கை நுழையாது. கிளாம்பில் உலோகம் குறைவு, எல்லாம் கண்முன்னே இருக்கிறது. சுவர் நேராக இருந்தால் கிளாம்ப்தான் எங்கள் தேர்வு. சுவருக்கும் கண்ணாடிக்கும் 3 மி.மீ. விட்டு, அடியில் 2–3 மி.மீ. பிளாஸ்டிக் துண்டுகள் வைத்து, அந்த இடைவெளியைச் சிலிக்கான் பசையால் நிரப்ப வேண்டும். சேனல் போட்டே ஆகவேண்டிய இடத்தில் வெளிப்பக்கம் மட்டும் சிலிக்கான் இழுங்கள். உட்பக்கத்தையும் மூடினால் எப்படியோ உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியின்றி அங்கேயே கிடக்கும்.

சிலிக்கானில் தயக்கமே வேண்டாம். விலை குறைந்த அசிட்டிக் வகை வினிகர் வாடை அடிக்கும். அது காயும்போது விடும் அமிலம் பித்தளையையும் மார்பிளையும் கடப்பா கல்லையும் பாதிக்கும். நியூட்ரல் வகையில் அந்தத் தொல்லை இல்லை. குளியலறைக்கென்று பூஞ்சைத் தடுப்பு சேர்த்தது கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். பூசும் இடம் காய்ந்தும் எண்ணெய்ப் பசையின்றியும் இருக்க வேண்டும். இருபுறமும் டேப் ஒட்டி, இழுத்து, தோல் கட்டும் முன் டேப்பை உரித்துவிட வேண்டும். ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது. பழைய சிலிக்கான் மேல் புதியது பிடிக்காது. கசிவுக்கு மேலே மேலே பூசுவது வீண் வேலை; பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டும்.

உண்மையான விவாதம் கதவில்தான். கண்ணாடி ஓரத்தில் மாட்டி இடைவெளியை அடைக்கும் பிளாஸ்டிக் பட்டை இல்லாமல் விட்டால் பக்கத்தில் 3–5 மி.மீ. போதும், பார்க்கவும் அழகு. குழல்போல் உப்பிய பபுள் பட்டைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் இடம் வேண்டும், காந்தத்தால் ஒட்டும் மேக்னட் பட்டைக்கு இன்னும் அதிகம். டஃபன்ட் கண்ணாடியை, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கிய கண்ணாடியை, அதன் பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது. ஆகவே எந்தப் பட்டை என்பதை ஆர்டருக்கு முன்பே முடிவு செய்து, அதன் அளவைக் கழித்துக் கொடுக்க வேண்டும். அளவும் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகே எடுக்க வேண்டும்.

எங்கள் கணக்கில் கதவின் அடிப்பட்டை அவசியம். கீல் பக்கம் திறந்தே இருக்கட்டும். கைப்பிடிப் பக்கம், ஷவர் தண்ணீர் நேராக அடித்தால் மட்டும் பட்டை போடலாம். அடிப்பட்டையின் மெல்லிய இதழில் உப்புப் படிந்தால் அது விறைத்து வளையாது, பிறகு தண்ணீரைத் தடுக்காது. அதைக் கழற்றி மாற்றும் பொருளாகவே நினையுங்கள். 8 மி.மீ. கண்ணாடிக்கு உரியது 10-ல் ஏறாது. 10-க்கு உரியது 8-ல் நழுவும்.

பட்டையைவிடத் தரையின் வாட்டம் அதிகம் வேலை செய்யும். 900 மி.மீ. தரைக்கு 15 மி.மீ. சரிவு, கதவுக்கு அடியில் வரும் கிரானைட் பட்டிக்கும் உள்நோக்கிக் கொஞ்சம் சரிவு. ஷவர் கதவைப் பார்க்காமல் சுவரையோ அசையாத கண்ணாடியையோ பார்க்கட்டும். இவை கொத்தனார் இருக்கும்போதே பேசி முடிக்க வேண்டியவை.

பட்டையில் மிச்சப்படும் காசைக் கீலில் போடுங்கள். 700 x 2000 மி.மீ. அளவில் 10 மி.மீ. கண்ணாடிக் கதவு 35 கிலோ இருக்கும். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இந்தக் கரையில் பழுப்புப் புள்ளி விழும், 316 தரம் அதைவிட மேலானது. குரோம் பூசிய பித்தளையில் பூச்சு விட்ட இடம் பச்சையாகும். காந்தம் வைத்துப் பார்த்து 316 என்று நம்பாதீர்கள்: 304-லும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. பில்லில் தரத்தை எழுதி வாங்குங்கள்.

உப்புக்கறை போக டாய்லெட் ஆசிட் ஊற்றினால் 316-இலும் குழி விழும். தினமும் குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் கண்ணாடியை இழுத்துவிட்டு, கீலையும் அடிப்பட்டையையும் ஈரத்துணியால் துடைத்தால் ஆசிட்டுக்கு வேலையே வராது.