500 காயின் போக்கர் பெட்டி: கனம் சரி, சில்லறைதான் போதவில்லை

மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஆன்லைனில் வாங்கிய அலுமினியப் பெட்டி. உள்ளே பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வட்டக் காயின் 500, இரண்டு சீட்டுக்கட்டு, ஒரு டீலர் பட்டன் (இந்த முறை சீட்டுப் போடுவது யார் முறை என்று காட்டும் வில்லை), எங்களுக்குத் தேவையே இல்லாத ஐந்து தாயக்கட்டை, இரண்டு சாவி. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே பெட்டியைப் பல பெயர்களில் விற்கிறார்கள். கோத்தகிரியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சனிக்கிழமை மாலைகளில் ஆறேழு பேர் டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டம் ஆடுகிறோம். அந்த மேசைக்கு இந்தப் பெட்டி எப்படி இருக்கிறது என்பதுதான் இந்த விமர்சனம்.

காயின் நன்றாக இருக்கிறது. 11.5 கிராம் என்று போட்டிருந்தார்கள். பத்துக் காயினைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், கணக்கு ஏறக்குறைய சரி. நடுவில் உலோகத் தகடு இருப்பதால் கையில் கனம் தெரிகிறது, அடுக்கினால் சாய்வதில்லை. மேசையில் பழைய கம்பளியை விரித்துப் போட்டால் சத்தமும் அடங்கிவிடும். ஒரே குறை, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பச்சையும் கருப்பும் ஒன்றுபோலத் தெரிகின்றன. வெள்ளை விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எரிச்சல் வருவது காயின் மேல் அச்சடித்த மதிப்பில்தான். வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, கருப்பு 100, ஊதா 500. இதில் வெள்ளை வெறும் 50, சிவப்பும் பச்சையும் 150 வீதம், கருப்பு 100, ஊதா 50. வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சில்லறை இல்லாமல் கல்லாவில் உட்கார எனக்கு மனசு வராது. பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே பட்டனுக்கு அடுத்த இருவர் கட்டாயமாகப் போட வேண்டிய தொகை, ஒன்று சிறியது (ஸ்மால்), ஒன்று பெரியது (பிக்). ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பிளைண்ட் வைத்து ஆடலாம் என்றால் ஏழு பேருக்குத் தலைக்கு ஏழு வெள்ளைதான் வரும். பட்டன் இரண்டு சுற்று வருவதற்குள் வெள்ளையெல்லாம் ஒருவரிடம் சேர்ந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் “அக்கா, சில்லறை” என்று என் முன்னால் கை நீளும்.

அதனால் அச்சில் உள்ளதை ரூபாயாக எடுக்காமல் புள்ளியாக எடுத்துக்கொண்டோம். ஐந்து புள்ளி ஒரு ரூபாய். ஸ்மால் பிளைண்ட் 5, பிக் பிளைண்ட் 10. பை-இன், அதாவது ஆட உட்காரும்போது ஒருவர் வாங்கும் காயின், 1,000 புள்ளி, 200 ரூபாய். பிக் பிளைண்டைப் போல நூறு மடங்கு என்பது பல இடங்களில் உள்ள வழக்கம்தான். தலைக்கு 20 சிவப்பு, 20 பச்சை, 4 கருப்பு கொடுத்தால் ஆயிரம் கச்சிதமாக வந்துவிடுகிறது. ஏழு பேருக்கு 308 காயின். தோற்றவர் மறுபடி வாங்கினால் பத்துக் கருப்பாகக் கொடுத்துவிடுகிறேன், அதற்கு 72 கருப்பு மிச்சம் இருக்கிறது. வெள்ளையும் ஊதாவும் பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை. ஐந்தில் ஒரு பங்கு காயினைச் சும்மா சுமக்கிறோம்!

பை-இன் எல்லைகள் விஷயத்தில்தான் வாக்குவாதம் வந்தது. எதிர்வீட்டுத் தேயிலைத் தோட்டக்காரத் தம்பி, “என் காசுதானே அக்கா, ஆயிரம் ரூபாய் போட்டு உட்காரக் கூடாதா?” என்றார். கூடாது என்றேன். ஒருவர் முன்னால் இருக்கும் காயினுக்கு மேல் யாரும் அவரிடமிருந்து எடுக்க முடியாது என்பது உண்மைதான். அவர் மட்டும் ஆயிரம் வைத்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அவரைப் பார்த்து என் கொழுந்தனும் ஆயிரம் போடுவார். பிறகு ஒரே ஆல்-இன்னில் (முன்னால் இருக்கும் காயின் முழுவதையும் ஒரே ஆட்டத்தில் வைப்பது) ஆயிரம் கைமாறும், அடுத்த சனிக்கிழமை ஒருவர் வர மாட்டார். அதனால் உச்சம் 200, ஒரு மாலையில் இரண்டு ரீ-பை, அதாவது தோற்றபின் மறுபடி வாங்குவது. எவ்வளவு கெட்ட நேரமானாலும் 600 ரூபாயோடு போயிற்று. கீழ் எல்லை 80 ரூபாய், நாற்பது பிக் பிளைண்ட். அதற்குக் குறைவாக வந்தால் ஆட்டம் ஆட முடியாது. வந்ததும் ஆல்-இன் போட்டுவிட்டு வர்க்கி (எங்கள் மலைப் பக்கத்து மொறுமொறு பிஸ்கட்) தின்னத்தான் நேரம் இருக்கும்.

நேரம் ஆக ஆக பிளைண்டை ஏற்றலாம் என்று மருமகள் சொன்னாள். அது டோர்னமென்ட்டுக்குப் பொருந்தும், அங்கே ஆட்டம் முடிய வேண்டுமே. பணத்துக்கு ஆடும்போது நடுவில் பிளைண்டை இரட்டிப்பாக்கினால் எல்லார் முன்னாலும் இருக்கும் குவியல் பிளைண்ட் கணக்கில் பாதியாகிவிடும். எங்கள் ஆட்டத்தைக் கடிகாரம் முடித்து வைக்கிறது. ஒன்பதரைக்குக் கடைசி ரீ-பை, பத்து மணிக்குக் கணக்கு. அதற்கு மேல் ரோட்டில் காட்டெருமை நிற்கும், யாரும் இருட்டில் நடக்க வேண்டாம். பந்தயப் பணத்தில் வீட்டுக்காரியான எனக்குத் தனிப் பங்கு கிடையாது, டீச்செலவும் என்னுடையது. விதிகளை எழுதி பீரோ கதவில் ஒட்டியிருக்கிறேன். ஸ்னூக்கர் விதிகளையே 1882-இல் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டினார்கள் என்பார்கள், நாங்கள் பீரோவில் ஒட்டினால் என்ன! 2025-இல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசு தடை செய்த பிறகு செல்போனை வைத்துவிட்டு வந்து சேர்ந்த என் அக்கா மகன், பழக்க தோஷத்தில் இன்னும் “டைமர் எங்கே?” என்று கேட்கிறான்.

கூட வந்த சீட்டுக்கட்டை மட்டும் மன்னிக்க முடியாது. காகிதச் சீட்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே துணியே காயாது. சீட்டு ஊறி, ஓரம் உப்பி, கலைக்கவே முடியவில்லை. வர்க்கியின் நெய் பட்டதும் கட்டோடு ஒட்டிக்கொண்டது. முழு பிளாஸ்டிக் சீட்டு தனியாக வாங்கினோம், அதைத் துடைத்துவிட்டு ஆடலாம். மலையில் இருப்பவர்கள் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பேன். ஆறு பேர் என்றால் 300 காயின் பெட்டியே போதும், மதிப்பு அச்சடிக்காத வெறும் நிறக் காயின் கிடைத்தால் அதை வாங்குங்கள், உங்கள் பிளைண்டை நீங்களே வைத்துக்கொள்ளலாம். பூட்டை நம்ப வேண்டாம். கொழுந்தன் வீட்டிலும் இதே மாதிரிப் பெட்டி ஒன்று இருக்கிறது. என் சாவியைப் போட்டதும் திறந்துகொண்டது.