முழு அடக்கவிலையா, மாறும் செலவு மட்டுமா?

கோவையில் ஒரு மோட்டார் பம்பு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பச் சரக்கு இல்லை. வருடத்தில் 1,000 பம்பு செய்து 800 விற்றாயிற்று. வார்ப்பு, செம்புக்கம்பி, பீஸ் ரேட் கூலி சேர்த்து பம்புக்கு 3,000 ரூபாய். இதுதான் மாறும் செலவு, பம்பு கூடினால் கூடும். வாடகை, சூப்பர்வைசர் சம்பளம் மாதிரி நிலையான செலவு மொத்தம் 5 லட்சம்.

மாறும் செலவை மட்டும் எடுத்தால் மீதி 200 பம்பின் மதிப்பு 6 லட்சம். முழு அடக்கவிலையில் நிலையான செலவின் பங்கும் பம்புக்கு 500 ஏறி 7 லட்சம். அந்த ஒரு லட்சம் செலவு விற்காத சரக்கிலேயே தங்கிவிடுவதால் லாபமும் ஒரு லட்சம் கூடித் தெரியும். கல்லாவில் ஒரு பைசா கூடியிருக்காது!

ஆனாலும் ஆண்டுக் கணக்குக்கு முழு அடக்கவிலைதான். இந்தியக் கணக்கியல் தரநிலை 2 அப்படித்தான் கேட்கிறது.

அப்புறம், பம்புக்கு 3,300 ரூபாய் வீதம் ஒரு திடீர் ஆர்டர் வருகிறது. முழு அடக்கவிலை 200 நஷ்டம் என்று பயமுறுத்தும். மிஷின் சும்மா கிடந்தால் நான் அந்த ஆர்டரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். மாறும் செலவு போக பம்புக்கு 300 மிச்சம்.