சொத்தேர்ன்: 2001, 2003, 2014 மூன்றில் எதை வாங்கலாம்?

கோலாலம்பூர் ஒயின் கடைகளில் சொத்தேர்ன் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஷாத்தோவின், அதாவது ஒயின் தயாரிக்கும் பண்ணையின், பெயரைப் பார்த்துவிட்டு உடனே விலையைக் கேட்கிறார்கள். இந்த இனிப்பு வெள்ளை ஒயினுக்கு முதலில் பார்க்க வேண்டியது லேபிளில் உள்ள ஆண்டு, அதாவது திராட்சை அறுவடையான ஆண்டு. தோட்டமும் திராட்சையும் அதேதான். ஆனால் ஆண்டு மாறினால் சுவையே மாறிவிடும்.

எல்லாம் ஒரு பூஞ்சையின் வேலை. பிரான்சில் போர்தோ நகருக்குத் தெற்கே, சிரோன் என்ற சிற்றாற்றின் குளிர்ந்த நீர் கரோன் ஆற்றில் சேரும் இடத்தில் செப்டம்பர், அக்டோபர் காலைகளில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் போட்ரைட்டிஸ் பூஞ்சை பழுத்த செமியோன் வகைத் திராட்சைப் பழத்தின் தோலைத் துளைக்கும். மதிய வெயிலில் நீர் வற்ற, சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தே செறியும். வெயில் வராமல் மழை பிடித்துக்கொண்டால் பழம் சும்மா அழுகிப்போகும். 2012இல் அதுதான் நடந்தது. சொத்தேர்னிலேயே பெயர்பெற்ற பண்ணையான ஷாத்தோ தீக்கெம் அந்த ஆண்டு ஒயினே வெளியிடவில்லை.

2001இல் செப்டம்பர் மழைக்குப் பிறகு வெதுவெதுப்பான, வறண்ட அக்டோபர் அமைந்தது. பூஞ்சை பழத்தில் பரவியபோது புளிப்பு குறையாமல் இருந்தது. 2003இல் ஐரோப்பாவையே வாட்டிய ஆகஸ்டு வெயில். பழத்தில் சர்க்கரை ஏறி, புளிப்பு இறங்கிவிட்டது. பிறகு பெய்த மழையில் பூஞ்சை ஒரேயடியாகப் படர, அறுவடை சில நாட்களிலேயே முடிந்தது.

சர்க்கரை அளவை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தீக்கெமில் இரண்டு ஆண்டுகளுமே லிட்டருக்கு ஏறக்குறைய 150 கிராம். நாக்கில்தான் தெரியும். 2003 முதல் வாயிலேயே பேரீச்சையும் தேனுமாக மயக்கும். ஆனால் நம்மூர் வெக்கையில் கோப்பை சீக்கிரமே சூடாகிவிடும். அப்போது எலுமிச்சை பிழியாத சர்பத் மாதிரி அடித்தொண்டையில் ஒட்டும். 2001இல் ஆப்ரிகாட், ஆரஞ்சுத்தோல், குங்குமப்பூ வாசம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். விழுங்கியதும் வாய் சுத்தமாகி, அடுத்த மிடறைக் கேட்கும். என் ஓட்டு தயங்காமல் 2001க்கு.

அதன் விலை கையைச் சுடும் என்பவர்களுக்கு 2014 இருக்கிறது. குளிர்ந்த கோடை, நல்ல செப்டம்பர், கூர்மையான புளிப்பு. 2001இன் ஆழம் இதில் இல்லை. ஆனால் காரமான நண்டுப் பிரட்டலோடு மூன்றில் இதைத்தான் வைப்பேன். அதிரசம், பால்கோவா பக்கம் எதையும் கொண்டுபோகாதீர்கள். பலகாரம் ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

கடையில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இரவிலும் ஏர்கான் ஓடுகிறதா? பினாங்கு வெயிலில் மாதக்கணக்கில் நின்ற 2001ஐவிட, குளிரில் ஒழுங்காகப் படுக்கவைத்த 2014 எவ்வளவோ மேல். 375 மில்லி பாட்டிலே நாலைந்து பேருக்குப் போதும். 2003தான் கையில் கிடைக்கிறது என்றால் சொத்தேர்ன் பகுதியிலேயே உள்ள பார்சாக் ஊர்ப் பாட்டிலாகப் பாருங்கள். அங்கத்திய சுண்ணாம்பு மண்ணில் விளைவது பொதுவாகக் கொஞ்சம் இலகுவாக இருக்கும். பரிமாறும்போது கோப்பையில் இரண்டு விரல் அளவு மட்டும் ஊற்றி, பாட்டிலை மறுபடி ஐஸில் வையுங்கள்.