ப்ளெண்டரில் ஆறு வருடம்: ரெண்டர் நின்றால் முதலில் ஃப்ரேம் எண்ணைப் பாருங்கள்

2019இல் 2.80 பதிப்பு வந்தபோது ப்ளெண்டர் என்ற முப்பரிமாண அசைபட மென்பொருளைத் தொட்டேன், அதன்பின் வேறு மென்பொருள் பக்கம் போகவில்லை. பாத்திரக் கடைகளுக்குப் பத்து, இருபது விநாடி விளம்பரங்கள் செய்வது என் தொழில். 2002இல் பயனாளர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்ததால்தான் இதன் மூல நிரல் எல்லோருக்கும் கிடைத்தது. என் வீட்டு அடுப்பு எரிவதில் அந்த முகம் தெரியாதவர்களுக்கும் பங்கு உண்டு என்று நிஜமாகவே நினைக்கிறேன்.

ஒரு ராத்திரியை மட்டும் மறக்க முடியவில்லை. ஐந்து முகக் குத்துவிளக்கு, 20 விநாடி, விநாடிக்கு 25 ஃப்ரேம் (தனிப்படம்), ஆக மொத்தம் 500. ஒரு ஃப்ரேமைக் கணினி கணக்கிட்டுப் படமாக்க, அதாவது ரெண்டர் செய்ய, ஏறக்குறைய இரண்டு நிமிடம். நேராக எம்பி4 கோப்பாகவே வரட்டும் என்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் வந்து பார்த்தால் நானூற்றுச் சொச்சத்தில் நின்றிருந்தது. கோப்பு இருக்கிறது, அளவும் காட்டுகிறது, ஆனால் எந்தப் பிளேயரிலும் திறக்கவில்லை. எம்பி4இல் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் அறுந்தால் அட்டவணை இல்லை, பதினான்கு மணி நேர வேலையும் இல்லை.

அன்றிலிருந்து நேராக வீடியோ இல்லை, எல்லாமே ஃப்ரேமுக்கு ஒன்றாக பிஎன்ஜி படங்கள்தான். அவுட்புட் பகுதியில் ‘ஓவர்ரைட்’ டிக்கை எடுத்துவிட்டால், நின்ற வேலையை மறுபடி ஓட்டும்போது இருக்கிற படங்களைத் தாண்டி விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ‘பிளேஸ்ஹோல்டர்ஸ்’ போட்டிருந்தால் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: நின்றுபோன ஃப்ரேமுக்கு வெற்றுக் கோப்பு ஒன்று கிடக்கும், அதையும் முடிந்த படம் என்றே எடுத்துக்கொள்ளும். அளவு பூஜ்யமாக இருப்பதைத் தேடி அழித்துவிடுங்கள். அப்புறம் படங்களை ப்ளெண்டரின் எடிட்டிங் பகுதியான வீடியோ சீக்வென்சரில் அடுக்கி எம்பி4 ஆக்கச் சில நிமிடம் போதும். அப்போது நிறங்களைத் திரைக்கு ஏற்ப மாற்றும் வியூ டிரான்ஸ்ஃபார்ம் ‘ஸ்டாண்டர்ட்’ என்று இருக்கவேண்டும். ரெண்டர் செய்தபோது வைத்திருந்த ஃபில்மிக்கிலேயே விட்டால் அந்தச் சாயம் இரண்டாவது முறையும் ஏறி, பித்தளை சாம்பல் பூத்த மாதிரி வெளிறிப்போகும். ஒலியைச் சேர்க்கும் ஆடியோ கோடெக் அமைப்பையும் பாருங்கள். அது ‘நோ ஆடியோ’ என்றிருந்தால் படம் ஊமையாக வரும்.

சரி, ஏன் நிற்கிறது? அதே வேலையை இரண்டு முறை ஓட்டி, நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்வேன். ஒரே எண்ணில் நின்றால் கோளாறு காட்சிக்குள்ளே இருக்கிறது. எண் மாறிக்கொண்டே இருந்தால் கணினியைப் பார்க்கவேண்டும். இந்த ஒரு பழக்கம் எனக்கு மிச்சப்படுத்திய நாட்களுக்குக் கணக்கில்லை.

இன்னொரு விளக்கு வேலை எப்போது ஓட்டினாலும் 312இல் நின்றது. கேமரா தண்டின் செதுக்கு வேலையை நெருங்கும் இடம் அது. அதற்கு அடாப்டிவ் சப்டிவிஷன் போட்டிருந்தேன். கேமரா கிட்டே போகப்போக அது பரப்பைப் பொடிப்பொடியாகப் பிரிக்கும், கிராபிக்ஸ் கார்டின் 6 ஜிபி நினைவகம் நிரம்பிவிடும். துண்டு எவ்வளவு சிறிதாகலாம் என்று சொல்லும் டைசிங் ரேட்டை 1 பிக்சலில் இருந்து 2 ஆக்கினேன், தடையில்லாமல் ஓடியது. செதுக்கல் கண்ணுக்கு அப்படியேதான் இருந்தது. பரப்பின் மேல் போர்த்தும் படங்களான டெக்ஸ்ச்சர்களிலும் இதே கணக்கு உண்டு. டிஸ்க்கில் 3 எம்பி ஜேபெக்காக இருக்கும் 4096க்கு 4096 படம், கார்டுக்குள் விரியும்போது 64 எம்பி பிடிக்கும். பதினாறு போட்டால் ஒரு ஜிபி காலி. தூரத்தில் நிற்கும் தாம்பாளத்துக்கு அவ்வளவு பெரிய படம் தேவையே இல்லை. ‘சிம்ப்ளிஃபை’ பகுதியில் டெக்ஸ்ச்சர் அளவுக்கு வரம்பு வைத்துவிடலாம்.

எண் மாறி மாறி நின்றது ஒரு சித்திரை மாதத்தில். ஒரு நாள் 90, மறுநாள் 217. கேபினெட்டைத் திறந்தேன். கார்டின் விசிறி இதழ்களுக்குப் பின்னால் தூசி பஞ்சுத் திரி மாதிரி திரண்டிருந்தது. பிரஷ்ஷால் தட்டி எடுத்ததும் சூடு இறங்கியது, நிற்பதும் நின்றது. அதற்கு முன் இரண்டு நாள் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பித்தளையில் வரும் வெள்ளைப் புள்ளிகளுக்கு, பட்டுத் தெறித்து வரும் ஒளிக்கு உச்ச வரம்பு வைக்கும் கிளாம்ப் இன்டைரக்ட் மதிப்பை 10இலிருந்து மெல்லக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். ரொம்பக் குறைத்தால் பளபளப்பும் போய்விடும். புள்ளிகளைத் துடைக்கும் டீநாய்ஸரை மட்டும் நம்பவேண்டாம். தனிப் படத்தில் சுத்தமாகத் தெரியும் பரப்பு, ஓடும்போது கொதிக்கிற மாதிரி நெளியும்.

இப்போதெல்லாம் இரவு வேலையை ஏற்றுமுன் முதல் ஃப்ரேம், கடைசி ஃப்ரேம், கேமரா மிக நெருங்கும் ஃப்ரேம் மூன்றையும் தனியாக ஓட்டி, நினைவகம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறேன். பத்து நிமிட வேலை. அது முடிந்ததும் மின்விசிறியைக் கணினிப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.