புதிதாக வந்த மனைவியோடு முதல் டாக்ஸ்: ஜாயிண்ட்டா, செபரேட்டா?

என் சித்தி மகன் அமெரிக்காவின் வட கரோலினாவில் கேரி ஊரில் இருக்கிறான். எச்-1பி வேலை விசா. ஆறு வருடமாகத் தனி ஆளாக டாக்ஸ் போட்டுப் பழகியவன். போன வருடம் கல்யாணம் ஆனது. மனைவி 2025 செப்டம்பர் 10ஆம் தேதி எச்-4 விசாவில், அதாவது எச்-1பிகாரரின் துணைக்கான விசாவில், வந்து இறங்கினாள். கம்பெனி தரும் வருடச் சம்பளப் படிவமான டபிள்யூ-2 கையில் வந்த அன்றே போன் செய்தான்.

"அக்கா, ஜாயிண்ட்டா போட்டா நிறைய மிச்சம்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா அவளுக்கு எஸ்எஸ்என், அந்த சோஷியல் செக்யூரிட்டி நம்பர், இல்ல. பேசாம இந்த வருஷமும் சிங்கிள்னே போட்டுடட்டுமா?"

சிங்கிள் என்று போடக் கூடாது. டிசம்பர் 31 அன்று ஒருவர் திருமணமானவராக இருந்தால், அந்த வருடம் முழுக்கத் திருமணமானவர்தான். கல்யாணம் மதுரையில் நடந்தது, மனைவி பாதி வருடம் இந்தியாவில் இருந்தாள் என்பதெல்லாம் இதை மாற்றாது. ஆக அவனுக்கு இருப்பது இரண்டு வழி: இருவரும் சேர்ந்து ஜாயிண்ட்டாகப் போடுவது, அல்லது அவன் மட்டும் 'மேரீட் ஃபைலிங் செபரேட்லி' என்று போடுவது.

முதலில் அந்தப் பெண் வரிச் சட்டத்தின் கண்ணில் யார் என்று பார்க்க வேண்டும். கிரீன் கார்டு இல்லாதவர் ரெசிடெண்ட்டா, அதாவது வரிக் கணக்கில் இங்கே வசிப்பவரா, இல்லையா என்பதை நாள் கணக்குதான் முடிவு செய்கிறது. இந்த வருடத்தில் குறைந்தது 31 நாள் இருந்திருக்க வேண்டும். அதோடு இந்த வருட நாட்கள் முழுசாகவும், போன வருட நாட்களில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு முந்தைய வருடத்தில் ஆறில் ஒரு பங்கும் சேர்ந்து 183ஐத் தொட வேண்டும். முதல்முறை வருபவர் ஜூலை 2க்குள் வந்து இங்கேயே இருந்தால் தொட்டுவிடுவார். இவள் 2025இல் இருந்தது 113 நாள். எனவே நான்-ரெசிடெண்ட். அப்படியிருந்தும் கணவர் ரெசிடெண்ட்டாக இருப்பதால், மனைவியையும் வருடம் முழுக்க ரெசிடெண்ட்டாக நடத்துங்கள் என்று இருவரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் இணைத்து ஜாயிண்ட்டாகப் போடலாம். வருமான வரிச் சட்டத்தின் 6013(ஜி) பிரிவு இந்தத் தேர்வுக்கு இடம் தருகிறது. ஜூலை 2க்குள் வந்தவர்களுக்கும், வருடத்தின் நடுவில் கிரீன் கார்டோடு வந்தவர்களுக்கும் அடுத்த பிரிவான 6013(எச்). அந்த ஒரு வருடத்துக்கு நடைமுறையில் இரண்டும் ஒரே மாதிரிதான்.

சரி, பணக் கணக்கு. அவன் சம்பளம் 1,00,000 டாலர் என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். 2025க்கு ஜாயிண்ட்டில், வரி போடுமுன் வருமானத்தில் கழியும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 31,500 டாலர், செபரேட்டுக்கு அதில் பாதி, 15,750. அதோடு ஜாயிண்ட்டில் 12 சதவீத வரி 96,950 டாலர் வரை நீள்கிறது. செபரேட்டில் 48,475ஐத் தாண்டியதுமே 22 சதவீதம் ஆரம்பித்துவிடும். கணக்குப் போட்டால் செபரேட்டில் ஃபெடரல் வரி 13,449 டாலர். மனைவிக்கு எந்த வருமானமும் இல்லையென்றால் ஜாயிண்ட்டில் 7,743. வித்தியாசம் 5,706 டாலர். மாநில வரியில் வரும் வித்தியாசம் தனி.

இந்த 5,706ஐப் பார்த்ததும் எல்லோரும் முடிவெடுத்துவிடுகிறார்கள். நான் அவனிடம் கேட்டது வேறு. "அவ ஜனவரியிலேருந்து ஆகஸ்ட் வரைக்கும் என்ன சம்பாதிச்சான்னு அவகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. அந்தப் பெண் சென்னையில் ஒரு கம்பெனியில் மாதம் ஒரு லட்சம் வாங்கிக்கொண்டிருந்தவள். எட்டு மாதம், எட்டு லட்சம் ரூபாய். எஃப்டி வட்டி ஓர் அறுபதாயிரம். ஜாயிண்ட் என்று போட்டால், அவள் விமானம் ஏறுவதற்கு முன்பு எந்த நாட்டில் சம்பாதித்தது என்றாலும் எல்லாம் இங்கே கணக்கில் வரும். செபரேட் என்றால் அதில் ஒரு பைசாகூட வராது. அவளுக்கு இங்கே வருமானம் இல்லாததால் அவள் எதுவும் தாக்கல் செய்யவே வேண்டாம். இரண்டு வழிக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதுதான்.

டாலருக்கு 87 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அவளுடையது ஏறக்குறைய 9,900 டாலர். அதைச் சேர்த்தும் ஜாயிண்ட் வரி 8,931தான். இன்னமும் 4,518 டாலர் மிச்சம். இந்தியாவில் கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ள முடியும் என்பதைச் சேர்க்காமலேயே இந்த நிலை.

எங்கே தராசு சாயும் என்றும் போட்டுப் பார்த்தேன். அவன் சம்பளம் ஒரு லட்சம் டாலராக இருக்கும்போது, மனைவியின் இந்திய வருமானம் சுமார் 38,900 டாலரை, அதாவது 34 லட்சம் ரூபாயை நெருங்கினால்தான் இரண்டு வழியும் சமமாகின்றன. அதுவும் இந்தியாவில் ஒரு ரூபாய்கூட வரி கட்டாத வருமானமாக இருந்தால். வருமானம் 40 லட்சமாகவே இருக்கட்டும், சம்பளமாக வந்து வரி பிடித்திருந்தால் மறுபடி ஜாயிண்ட்தான் ஜெயிக்கிறது. ஜாயிண்ட் வரி 15,018 டாலர் ஆகும், ஆனால் இந்தியாவில் கட்டிய வரிக்காக அதில் சுமார் 4,700 கழியும்.

அதனால் சம்பளத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். இந்தியாவில் வரியே இல்லாத வருமானம்தான் இங்கே கடிக்கும், ஏனென்றால் அதற்கு எதிராகக் கழிக்க எதுவும் இருக்காது. பெண்ணின் பெயரில் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு இருந்து குத்தகைப் பணம் வந்தால், அங்கே விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, இங்கே உண்டு. பிபிஎஃப் வட்டியும் அப்படியே. மியூச்சுவல் ஃபண்ட் இன்னும் மோசம். இந்திய ஃபண்டுகளை அமெரிக்க வரிச் சட்டம் தனி வகையாக நடத்துகிறது. விற்று வந்த லாபத்துக்கு நீண்டகால ஆதாயத்தின் குறைந்த விகிதம் கிடைக்காது, 8621 என்ற படிவம் ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனி. கல்யாணச் செலவுக்கென்று பல வருட எஸ்ஐபியை ஜூன் மாதத்தில் மொத்தமாக விற்ற பெண் என்றால், அந்த ஒரு வருடத்துக்கு செபரேட் போடுவதைத்தான் நான் முதலில் யோசிப்பேன். அவள் நான்-ரெசிடெண்ட்டாக இருந்தபோது அங்கே விற்றது, இந்தக் கணக்குக்குள் வராமலே போகட்டும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். இந்திய வருடம் ஏப்ரலில் தொடங்குகிறது, இங்கே ஜனவரியில். ஃபார்ம் 16 மட்டும் கையில் இருந்தால் போதாது. ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு நிதியாண்டு, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அடுத்த நிதியாண்டு. மாதவாரியாகச் சம்பளச் சீட்டு வேண்டும். வேலையை விட்டதும் கம்பெனி லாகின் போய்விடும், ஆகவே கிளம்புவதற்கு முன்பே அவற்றை இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

செபரேட்டில் வேறு சில இழப்புகளும் உண்டு. படிப்புக் கடன் வட்டிக் கழிவு கிடையாது, படிப்புக்கான கிரெடிட்டுகளும் கிடையாது. என் தம்பிக்கு உறைத்தது ராத் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு. மனைவியோடு அந்த வருடத்தில் ஒரு நாளாவது சேர்ந்து வாழ்ந்துவிட்டு செபரேட் போட்டால், வருமானம் 10,000 டாலரைத் தொட்டதுமே ராத்தில் போடும் தகுதி போய்விடுகிறது. அவன் ஏற்கெனவே 7,000 டாலர் போட்டிருந்தான். செபரேட் என்றால் அதை வெளியே எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் வருடா வருடம் 6 சதவீத அபராதம்.

குழந்தையோடு வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரெசிடெண்ட்டாக நடத்துங்கள் என்று கேட்கும் சலுகை மனைவிக்கு அல்லது கணவருக்கு மட்டும்தான். செப்டம்பரில் கூட வந்த குழந்தைக்கு அது இல்லை. பொதுவாக அந்த வருடம் குழந்தையை டிபெண்டெண்ட்டாகக் காட்ட முடியாது. ஊரில் இருக்கும் அம்மா அப்பாவையும் காட்ட முடியாது. மனைவி நான்-ரெசிடெண்ட்டாக இருந்து, இங்கேயே வளரும் குழந்தை ஒன்று வீட்டில் இருந்தால் 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்' என்ற மூன்றாவது வழி திறக்கிறது. டிடக்‌ஷன் 23,625 டாலர். அபூர்வம்தான், ஆனால் மறுமணம் செய்தவர்களுக்குப் பயன்படும்.

இருவருமே 2025 செப்டம்பரில்தான் வந்தார்கள் என்றால் கதை வேறு. அப்போது இருவரும் நான்-ரெசிடெண்ட், ஜாயிண்ட்டுக்கு நேர்வழி இல்லை. அடுத்த வருடம் நாள் கணக்கு நிறையும்வரை காத்திருந்து, 'முதல் வருடத் தேர்வு' என்ற சலுகையைக் கேட்டு, அதன் மேல் 6013(எச்) போட வேண்டும். செப்டம்பர் 10இல் வந்து இங்கேயே இருப்பவருக்கு அந்தக் கணக்கு 2026 மே 26இல் நிறைகிறது. அதனால் 4868 படிவம் போட்டு அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்கிக்கொள்ள வேண்டும். அவகாசம் படிவம் தாக்கல் செய்ய மட்டுமே, வரிப் பணம் ஏப்ரல் 15க்குள் போய்விட வேண்டும்.

இனி நம்பர். எல்-2 விசாவில் வரும் மனைவிக்கு வேலை செய்யும் உரிமை விசாவோடே வருவதால் எஸ்எஸ்என் கிடைத்துவிடும். கிரீன் கார்டில் வந்தாலும் அப்படியே. எச்-4இல் இஏடி என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் வந்தவருக்கு, எஸ்எஸ்என்னுக்குப் பதிலாக வரிக்கென்றே தரும் ஐடிஐஎன் நம்பர்தான். செபரேட் என்றால் அதுவும் வேண்டாம், மனைவியின் நம்பர் கேட்கும் இடத்தில் நான்-ரெசிடெண்ட் என்பதைக் குறிக்கும் 'என்ஆர்ஏ' என்று எழுதினால் போதும். ஜாயிண்ட் என்றால் ஐடிஐஎன் கேட்கும் டபிள்யூ-7 படிவத்தை டாக்ஸ் ரிட்டர்னோடு சேர்த்துக் காகிதத்தில் டெக்சாஸின் ஆஸ்டின் முகவரிக்கு அனுப்ப வேண்டும். காரணம் கேட்கும் இடத்தில், இந்தத் தேர்வோடு ஜாயிண்ட்டாகப் போடுபவர் 'ஈ' என்ற பெட்டியை டிக் செய்ய வேண்டும். எச்-4 என்பதால் பலர் விசா பற்றிப் பேசும் 'ஜி' பெட்டியை டிக் செய்துவிடுகிறார்கள். வழக்கமாக ஏழு வாரம், டாக்ஸ் சீசனில் ஒன்பது முதல் பதினொரு வாரம் என்று வரித் துறையான ஐஆர்எஸ் சொல்கிறது.

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். நான் வந்த வருடம் எங்களுக்கு டாக்ஸ் பார்த்துக் கொடுத்தவர், பாஸ்போர்ட் அசலையே உறையில் வைத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். அது கையில் இல்லாத நாட்களில் ஊரில் ஆச்சி தவறிவிட்டார். என்னைத் தூக்கி வளர்த்தவர். நான் போகவில்லை, போகவும் முடியாது. பாஸ்போர்ட்டைக் கையை விட்டு அனுப்பாமலே இதைச் செய்யலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஐஆர்எஸ் அங்கீகரித்த முகவர்கள் இருக்கிறார்கள். அசலைப் பார்த்துச் சான்று கொடுத்துவிட்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுவார்கள். ஐஆர்எஸ்ஸின் சில உள்ளூர் அலுவலகங்களிலும் அப்பாயிண்ட்மெண்ட் வாங்கிக்கொண்டு போனால் பார்த்துத் தருவார்கள். நோட்டரி கையெழுத்து மட்டும் போட்ட நகல் செல்லாது. கொஞ்சம் செலவானாலும், ஒரு நாள் லீவு போனாலும், அசலை அனுப்பாதீர்கள்.

அவசரமாக முடிவெடுக்க முடியாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இப்போது செபரேட் போட்டுவிட்டு, மூன்று வருடத்துக்குள் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டு ஜாயிண்ட்டுக்கு மாறலாம். இடையில் வேறு வருடங்களுக்குப் போட்டிருந்தால் அவற்றையும் திருத்த வேண்டும். ஆனால் ஜாயிண்ட்டாகப் போட்டு ஏப்ரல் 15 தாண்டிவிட்டால் செபரேட்டுக்குத் திரும்ப முடியாது. 6013(ஜி) தேர்வை ஒருமுறை முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டால், அதே இருவர் மறுபடி கேட்கவும் முடியாது. சந்தேகம் தீரவில்லையென்றால் செபரேட் பக்கம் நின்றுகொள்வதில் தவறில்லை. பணம் போய்விடாது, தாமதமாக வரும்.

ஜாயிண்ட்டில் கையெழுத்துப் போட்டால், அந்த ரிட்டர்னில் உள்ள வரிக்கும் தவறுக்கும் இருவருமே முழுப் பொறுப்பு. கணவர் ஏதாவது வருமானத்தை விட்டிருந்தால், பின்னால் விவாகரத்தே ஆனாலும், மனைவியிடமும் கேட்கலாம். வந்து ஐந்து மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணிடம், "இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்று பேனாவை நீட்டுகிறோம். அவள் எதைப் படித்தாள்? என்னிடமும் அப்படித்தான் நீட்டப்பட்டது, நானும் போட்டேன். தவறு எதுவும் நடக்கவில்லை, ஆனாலும் அப்படிப் போட்டிருக்கக் கூடாது. ரிட்டர்னை அவளோடு உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள். டபிள்யூ-2 எது, பெட்டி 1 என்ன, எவ்வளவு ரீஃபண்ட், அது எந்தக் கணக்குக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியட்டும்.

தம்பி வீட்டில் ஒரு சனிக்கிழமை வீடியோவில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவள் ஒரு நோட்டில் தன் கணக்குகளை எழுதி வைத்திருந்தாள். சம்பளக் கணக்கு, ஒரு எஃப்டி, இரண்டு ஃபண்ட், பிபிஎஃப். ஃபண்டுகளை இந்த வருடம் விற்கவில்லை, மொத்த மதிப்பும் 50,000 டாலருக்கு ரொம்பக் கீழே, அதனால் ஜாயிண்ட்டில் 8621 வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டுச் சொத்துக்கான 8938 படிவமும் வருடக் கடைசியில் 1,00,000 டாலரைத் தாண்டினாலோ, நடுவில் 1,50,000ஐத் தாண்டினாலோதான். ஜாயிண்ட் என்று முடிவானது.

நோட்டை மூடப் போனவள் நிமிர்ந்து கேட்டாள். "அண்ணி, அம்மாவோட பேர்ல ஒரு கணக்கு இருக்கு, அதுல ரெண்டாவது பேரா நான் இருக்கேன். பணம் எல்லாம் அம்மாவோடது. அதையும் எழுதணுமா?"

எழுத வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளைத் தெரிவிக்கும் எஃப்பார் படிவம் 2025க்கு அவளுக்குக் கிடையாது, ஜாயிண்ட் தேர்வு மட்டும் அந்தக் கடமையைக் கொண்டுவருவதில்லை. ஆனால் 2026இல் நாள் கணக்கின்படியே அவள் ரெசிடெண்ட் ஆகிவிடுவாள். அப்போது இந்தியக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து எந்த ஒரு நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அம்மா கணக்கையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். நோட்டில் கடைசி வரியாக அதை எழுதிக்கொண்டாள்.