ராமநாதபுரத்துக்கு ஞாயிறுதோறும் வரும் கேன்சர் டாக்டர்: போகலாமா?

மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் ராமநாதபுரம் வந்து ஒரு தனியார் கிளினிக்கில் பார்க்கிற புற்றுநோய் டாக்டரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெயரைப் போட்டு விளம்பரம் பண்ணுகிற எண்ணமில்லை, நம்ம பக்கத்துக்காரர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்துவிடும். மார்பகத்தில் ஆபரேஷன் முடிந்து, கீமோவும் கரண்ட் வைப்பதும் (கதிர்வீச்சு) முடிந்து, இனி என்ன என்று ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களுக்கு உதவும்.

நான் கூட்டிப்போனது சித்தியை. பாம்பன் சின்னப்பாலம், கடலில் பாசி எடுக்கிற வேலை. ஆபரேஷன் நடந்தது வெளியூரில் ஒரு மருத்துவமனையில், கத்தி வேலையில் குறை சொல்ல முடியாது, ஆனால் டிஸ்சார்ஜ் அன்று தலையணை கனத்தில் ஃபைலைக் கொடுத்து "எல்லாம் எடுத்தாச்சு, மாத்திரையை விடாம போடுங்க" என்றதோடு சரி. என்ன ஸ்டேஜ் என்று கேட்டால் ஒருவர் இரண்டு என்றார், இன்னொருவர் அதெல்லாம் நீங்க யோசிக்காதீங்க என்றார். யோசிக்காமல் எப்படி இருப்பது? வீட்டில் ஆளுக்கொரு ஸ்டேஜ் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்த டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரியை ஓரமாக வைத்துவிட்டு, அடியில் கிடந்த பயாப்சி ரிப்போர்ட்டை உருவி எடுத்தார். ஆபரேஷனில் எடுத்த சதையைப் பரிசோதித்துக் கொடுத்த ரிப்போர்ட், முதலில் ஊசி போட்டு எடுத்தது இல்லை. பேனாவை வைத்து ஒவ்வொரு வரியாகப் போனார். அதில் 2/14 என்று ஒன்று இருந்தது. சித்தப்பா அதைத் தேதி என்று நினைத்து, பதினாலாவது மாசம் ஏது என்று குழம்பிக் கிடந்தார். "அக்குள்ல இருந்து 14 நிணநீர் முடிச்சு எடுத்துப் பார்த்திருக்காங்கம்மா, அதுல ரெண்டுல நோய் இருந்திருக்கு" என்று டாக்டர் சொன்னதும்தான் அவருக்கு மூச்சே வந்தது.

கட்டி 3.2 செ.மீ. ஸ்டேஜ் கணக்கில் கட்டியின் அளவு இரண்டு செ.மீ. வரை டி1, இரண்டுக்கு மேல் ஐந்து வரை டி2, ஐந்தைத் தாண்டினால் டி3. அக்குள் முடிச்சு ஒன்று முதல் மூன்று வரை என்1, நான்கு முதல் ஒன்பது வரை என்2, பத்தும் அதற்கு மேலும் என்3. வேறு உறுப்புக்குப் போகவில்லை என்றால் எம்0. ஆக சித்திக்கு டி2, என்1, எம்0, பழைய கணக்குப்படி ஸ்டேஜ் 2பி. பழைய கணக்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால், 2018 முதல் நடைமுறையில் இருக்கிற, ஏஜேசிசி என்கிற அமெரிக்க அமைப்பின் எட்டாம் பதிப்பு முறையில் அளவும் முடிச்சும் மட்டும் போதாது. செல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்கிற கிரேடு, ஈஆர், பிஆர் என்கிற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 என்கிற புரதம், இத்தனையும் சேர்த்துத்தான் ஸ்டேஜ் போடுகிறார்கள். அதனால் ஒரே அளவு கட்டி இருக்கிற இரண்டு பேருக்கு வேறு வேறு ஸ்டேஜ் வரலாம். சித்திக்கு ஹெர்2 இடத்தில் 2+ என்று போட்டிருந்தது. 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ், 2+ மட்டும் நடுவாந்தரம், ஃபிஷ் என்று இன்னொரு டெஸ்ட் செய்தால்தான் முடிவு தெரியும். அது செய்திருக்கிறதா என்று ஃபைலைப் புரட்டிப் புரட்டித் தேடினார், நல்ல வேளையாக நெகட்டிவ் என்று ஒரு தாள் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த ஒரு தாளைத் தேடிய பொறுமைக்காகவே கொடுத்த ஃபீஸ் தகும்.

இன்னொரு குழப்பமும் தீர்ந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ஸ்கேனில் அக்குளில் ஒன்றும் இல்லை என்றார்கள், பிறகு இரண்டு முடிச்சு என்றார்கள், அதற்குள் பரவிவிட்டதா என்று வீடே பதறியது. பரவவில்லை, முன்னாலேயே இருந்தது, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதுதான் கண்ணுக்குத் தெரிந்தது என்றார். கையால் தடவியும் ஸ்கேனிலும் பார்த்துப் போடுவது ஒரு ஸ்டேஜ், எடுத்த சதையை வைத்துப் போடுவது இன்னொன்று, இரண்டாவதுதான் துல்லியம்.

அடுத்து, திரும்பி வருமா என்கிற கேள்வி. வராது என்று அடித்துச் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்தது. ஆபரேஷன் செய்த தழும்பிலேயோ அந்தப் பக்கத்துத் தோலிலேயோ வந்தால் அதைத் திரும்பவும் எடுத்து, குணப்படுத்தும் நோக்கத்தோடேயே வைத்தியம் பார்க்கலாம். அக்குள், காறை எலும்புக் குழி இந்த இடங்களில் வருவது இரண்டாவது வகை. எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று தள்ளிப்போய் வந்தால் பெரும்பாலும் முழுசாக ஒழிக்க முடியாது, மருந்தால் கட்டுக்குள் வைப்பார்கள், பலர் வருஷக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள். அப்படி எலும்பில் வந்தாலும் அது எலும்புப் புற்றுநோய் ஆகாது, மார்பக நோய்தான், மருந்தும் அதற்கானதுதான். முதலில் போட்ட ஸ்டேஜையும் அழித்து எழுத மாட்டார்கள், அது முதல் நாள் நிலவரமாகவே இருக்கும். முடிந்தால் புதிதாக வந்த இடத்திலும் ஒரு பயாப்சி எடுப்பார்கள், ஏனென்றால் ஹார்மோன், ஹெர்2 நிலவரம் சில சமயம் மாறியிருக்கும். மறு மார்பில் வருகிற கட்டி பெரும்பாலும் புதுசு, பழையது திரும்பியதாகக் கணக்கில்லை.

ஈஆர் பாசிட்டிவ்காரர்களுக்கு ஐந்து வருஷம் தாண்டியும் வரலாமாம், அதனால்தான் மாத்திரையில் அவ்வளவு கண்டிப்பு. ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றும் நெகட்டிவாக இருக்கிறவர்களுக்கு ஆபத்து முதல் சில வருஷங்களில்தான் அதிகம். சித்தி போடுவது லெட்ரோசோல் 2.5 மி.கி. என்கிற ஹார்மோன் மாத்திரை, அது மூட்டுகளைப் பிடித்து இழுக்கிறது. எந்த வலிக்குப் பயப்படுவது? காலையில் எழுந்ததும் விரல், முட்டி என்று பல இடத்தில் பிடித்து, நடக்க நடக்கக் குறைந்தால் பெரும்பாலும் மாத்திரை வேலை. ஒரே இடத்தில் நின்று, ராத்திரியும் விடாமல், இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் ஞாயிறு வரும் வரை காத்திருக்காமல் போன் பண்ணச் சொன்னார். விடாத வறட்டு இருமல், மூச்சு வாங்குவது, தழும்பு பக்கம் சின்ன சிவந்த முண்டு, இதற்கெல்லாமும் அப்படியே போன் பண்ண வேண்டும்.

அப்புறம் பாசி விஷயம். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு, அந்தக் கையில் காயம் பட்டுச் சீழ் பிடித்தால் வீக்கம் நிரந்தரமாகிவிடலாம். சின்னப்பாலத்துப் பெண்கள் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு பாறையில் கை வைப்பவர்கள், துணி நழுவினால் கீறல் நிச்சயம். கடலுக்கே போகாதே என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல், எப்படி எடுப்பீங்க, எந்தக் கையால் என்று கேட்டார். தடித்த கையுறை, கீறினால் உடனே நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுவது, கை சிவந்து சூடானால் அன்றே வருவது என்று சொல்லியனுப்பினார். சித்தி எவ்வளவு கேட்பாள் என்பது வேறு விஷயம்.

குறை இல்லாமல் இல்லை. டாக்டர் ஒரு பக்கம் என்றால் முன்னால் உட்கார்ந்திருக்கிற வரவேற்பு வேறு உலகம். உள்ளே போகுமுன்பே "கேன்சர் மார்க்கர் பேக்கேஜ் எடுத்துட்டு வாங்க, டாக்டருக்கு ஈசியா இருக்கும்" என்று லேப் பக்கம் தள்ளினார்கள். உள்ளே கேட்டால், தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு சிஏ 15-3 என்கிற மார்க்கர் ரத்த டெஸ்டும் பெட் ஸ்கேனும் வழக்கமாக எடுக்க வேண்டியதில்லை, முதல் மூன்று வருஷம் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பரிசோதனை, மறு மார்புக்கு வருஷம் ஒரு மேமோகிராம், லெட்ரோசோல் போடுவதால் எலும்பு அடர்த்தி டெஸ்ட், அவ்வளவுதான் என்கிறார். அப்படியானால் வெளியே அந்தப் பேக்கேஜ் எதற்கு? இதைக் கிளினிக்காரர்கள் யோசிக்க வேண்டும்.

டோக்கன் வாங்கினாலும் நேரத்துக்குக் கூப்பிடுவதில்லை, ரயிலைக் கணக்குப் பண்ணிப் போகாதீர்கள். மாடிப்படி உண்டு, லிஃப்ட் இல்லை. முதல்வர் காப்பீட்டு அட்டை செல்லாது, ஆலோசனைக்கு மட்டும்தான் இந்த இடம், கீமோ மாதிரி ஏதாவது தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ வேறு இடத்துக்கோ போக வேண்டும். சொன்னதை எழுதித் தரும் பழக்கமும் டாக்டருக்கு இல்லை, கேட்டால் ரிப்போர்ட் ஓரத்தில் கிறுக்கித் தருகிறார், ஆகவே கூட எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவர் போங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷனுக்குப் பிந்தைய பயாப்சி ரிப்போர்ட் கட்டாயம். மெழுகில் பதித்த சதை பிளாக்குகளையும் ஆபரேஷன் செய்த இடத்தில் இப்போதே கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள், எங்களை நாலு கவுண்டருக்கு அலையவிட்டுத்தான் கொடுத்தார்கள்.