தயிர்ச் சட்டிக்கு எந்த வண்டி? மட்டக்களப்பில் சிறுதொழில் செய்வோருக்கு ஒரு வாகன ஒப்பீடு

மட்டக்களப்பில் வீட்டிலிருந்தே தயிர், பலகாரம், தையல் என்று சிறுதொழில் செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: சாமான் கொண்டுபோக எதை வாங்கலாம்? பெற்றோல் பைக்கா, மின்சார ஸ்கூட்டரா, ஆட்டோவா, இருக்கிற சைக்கிளே போதுமா? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்த பிறகு கேள்வி இன்னும் கூடிவிட்டது. கைக்காசும் மிஞ்ச வேண்டும், காற்றும் கெடக்கூடாது என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்கிறேன். சுமை எவ்வளவு, தூரம் எவ்வளவு, திரும்பும்போது வண்டி வெறுமையாக வருகிறதா என்ற மூன்றும் தெரியாமல் எந்த வண்டியையும் பசுமையானது என்று சொல்ல முடியாது.

சைக்கிளில் தொடங்குவோம். ஏற்ற இறக்கமே இல்லாத ஊர் நமது. புளியந்தீவு, கோட்டைமுனை, கல்லடி, காத்தான்குடி எல்லாம் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. நல்ல கரியரும் ஒரு பெட்டியும் இருந்தால் இருபது, முப்பது கிலோ சாமான் தாராளமாகப் போகும். பலகாரப் பொதி, தைத்த உடுப்பு, மருந்து போன்றவற்றை நகரத்துக்குள் கொண்டுபோக இதைவிடச் சிறந்தது இல்லை. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பழுதை எந்தச் சந்தியிலும் பார்க்கலாம். ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு மிதிப்பது உடம்புக்குக் கேடு. விடியற்காலையிலேயே விநியோகத்தை முடித்துவிட வேண்டும். இன்னொன்றும் உண்டு. கல்முனை வீதியில் பஸ்களும் வேன்களும் உரசிக்கொண்டு போகிற போக்கில், பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதிக்கும் ஒரு தாய்க்கு ஓரத்தில் இடமே இல்லை. அவர்கள் உள்வீதிகளைப் பிடிப்பதே நல்லது. வீதி அகலிக்கும்போது சைக்கிளுக்கென்று ஒரு முழம் ஒதுக்கச் சொல்லி நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைகளுக்குச் சிறு பொதி அனுப்புவதென்றால் பஸ்ஸில் போட்டுவிடுங்கள். எப்படியும் ஓடப்போகிற பஸ்ஸில் உங்கள் பெட்டி ஏறுவதால் கூடுதலாக எரியும் டீசல் கணக்கிலேயே வராது. அந்தப் பக்கத்தில் வாங்கிக்கொள்ள நம்பகமான ஆள் இருந்தால் போதும்.

தயிர்தான் கஷ்டமான சாமான். சட்டிகள் பாரமானவை, குலுங்கினால் மேலாடை உடைந்து தண்ணீர் விடும், வெயிலில் நின்றால் புளித்துவிடும். மண்முனையில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஓடிய காலத்தில் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்குத் தயிர் வருவது பெரிய வேலை. 2014இல் பாலம் வந்தபின் தூரமும் நேரமும் சுருங்கின. ஒரு வண்டியை மாற்றுவதைவிட ஒரு பாலம் சுற்றாடலுக்கு அதிக நன்மை செய்யும் என்று நான் நம்புவதற்கு அதுவே காரணம்.

இங்கே ஆட்டோவையும் பைக்கையும் ஒப்பிட்டால் பலர் எதிர்பார்க்காத விடை வருகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளிவரும். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் பைக் என்றால் கிலோமீற்றருக்குச் சுமார் 50 கிராம். 25 கிலோமீற்றர் ஓடும் ஆட்டோ என்றால் 90 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. பைக்தான் நல்லது என்று தோன்றும். ஆனால் ஆட்டோ ஒரே தடவையில் கொண்டுபோகிற சட்டிகளுக்கு பைக் நாலு தடவை போகவேண்டி வந்தால், பைக்கின் கணக்கு 200 கிராமைத் தாண்டிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் தயிர் போடும் மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு ஆட்டோவைப் பேசிக்கொண்டு, திரும்பும்போது தவிடும் புண்ணாக்கும் ஏற்றிவந்தால் செலவும் புகையும் மூன்றாகப் பிரியும். 2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது ஆட்டோவுக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர், பைக்குக்கு நாலு லீற்றர் என்றுதான் தொடங்கினார்கள். வெறும் வண்டி ஓட்டுவது எவ்வளவு பெரிய வீண் என்பதை அப்போது எல்லோரும் உணர்ந்தார்கள். பெற்றோல் தாராளமாகக் கிடைக்கும்போதும் அதே சிக்கனம் வேண்டும்.

இனிப் பலரும் காத்திருக்கும் கேள்வி: பெற்றோல் பைக்கா, மின்சார ஸ்கூட்டரா?

"நுரைச்சோலையில் நிலக்கரி எரித்துத்தானே மின்சாரம் வருகிறது, இதில் என்ன பசுமை?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. சாதாரண மின்சார ஸ்கூட்டர் 100 கிலோமீற்றருக்குச் சுமார் மூன்று யூனிட் எடுக்கும். அந்த மூன்று யூனிட்டும் முழுக்க நிலக்கரியிலேயே வந்ததாக வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ என்றால் கிலோமீற்றருக்கு 30 கிராம். அப்படியும் பெற்றோல் பைக்கைவிடக் குறைவு. நம் நாட்டு மின்சாரத்தில் நீர்மின்னும் சூரிய மின்னும் கலந்திருப்பதால் உண்மைக் கணக்கு இன்னும் கீழே.

எப்போது சார்ஜ் பண்ணுகிறோம் என்பதும் முக்கியம். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்ததால், கூரைச் சூரிய மின் இணைப்புகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. வெயில் மின்சாரம் வாங்க ஆளில்லாமல் நின்ற நாட்கள் அவை. மாலை ஏழு மணிக்கோ எல்லா வீட்டு விளக்கும் எரிவதால் எண்ணெய் எரிக்கும் மின்நிலையங்களும் ஓட வேண்டிவரும். ஆகவே மதியச் சாப்பாட்டு நேரத்தில் சார்ஜுக்குப் போடுவதுதான் நல்லது.

காசுக் கணக்கில் ஒரு மறைபொறி இருக்கிறது. நாளுக்கு 50 கிலோமீற்றர் வீதம் மாதம் 26 நாள் ஓடினால் பெற்றோல் 29 லீற்றர் வேண்டும், மின்சாரம் 39 யூனிட். விற்பனையாளர் யூனிட் விலையால் பெருக்கிக் காட்டுவார். ஆனால் வீட்டு மின்கட்டணத்தில் 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு அட்டவணை, அதைத் தாண்டிய வீட்டுக்கு வேறொன்று. அங்கே முதல் யூனிட்டிலிருந்தே விலை கூட. 50 யூனிட் பாவித்த வீடு 89க்குப் போனால் பழைய 50க்கும் சேர்த்துக் கூடக் கட்டவேண்டும். இரண்டு பில்லுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்கூட்டரின் உண்மையான செலவு. அப்படிப் பார்த்தாலும் 29 லீற்றர் பெற்றோல் செலவுக்குக் கிட்டவும் வராது. ஆனாலும் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

பெற்றோல் பைக்குக்கும் ஒரு இடம் இருக்கிறது. மார்கழி வெள்ளத்தில் தண்ணீர் சில்லின் நடுப்பகுதி வரை வந்தால், சில்லுக்குள்ளேயே மோட்டார் இருக்கும் ஸ்கூட்டருக்கு ஆபத்து. மழைக்காலத்தில் பள்ளமான கிராமத்து வீதிகளில் தினமும் ஓடவேண்டியவர் ஏற்கெனவே இருக்கிற பைக்கை விற்காமல் வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் பற்றரி. மலிவான ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் ஈயப் பற்றரிதான் வரும். 72 வோல்ட் என்றால் ஆறு பற்றரிகள், மொத்தம் 40 கிலோ அளவில். முழுக்க இறக்கி ஏற்றினால் 300 முதல் 500 தடவை தாங்கும். தினமும் தொழிலுக்கு ஓடுகிறவருக்கு அது ஒன்றிரண்டு வருடம்தான். லிதியம் இரும்பு பொஸ்பேற்று வகை விலை கூட, ஆனால் 2000 தடவைக்கு மேல் போகும். தொழிலுக்கென்றால் கடன் கொஞ்சம் கூடினாலும் லிதியமே என் தெரிவு.

விலையை விட்டாலும் எனக்குப் பெரிய கவலை, தேய்ந்த ஈயப் பற்றரி எங்கே போகிறது என்பதுதான். வீட்டு வளவில் உடைத்து, அமிலத்தை மண்ணில் ஊற்றி, ஈயத்தை உருக்கினால் அந்தத் தூசியும் புகையும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஊற்றிய அமிலம் மழையோடு கிணற்றுக்கும் வாவிக்கும் போகும். எனவே வாங்கும் கடையில் மூன்று விஷயத்தைக் கேளுங்கள்: பதிவுத் தகடு கிடைக்குமா, பற்றரிக்கு எத்தனை மாத உத்தரவாதம், பழைய பற்றரியைத் திருப்பி எடுப்பார்களா. மூன்றாவதை எழுத்தில் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.